லிஸ்பன் டாஷ்கா: முப்பது இருக்கைக் கடையின் மதியக் கணக்கு

லிஸ்பனின் மொராரியா, கிராசா, அல்காந்தரா, காம்பு டி ஓரிக் போன்ற பழைய குடியிருப்புகளில் தரைத்தளத்தில் ஒடுக்கமான வாசலோடு இருக்கும் சிறு சாப்பாட்டுக் கடையை டாஷ்கா என்பார்கள். கணவர் கல்லாவில், மனைவி அடுப்படியில், பரிமாற ஒருவர், பாத்திரம் கழுவ ஒருவர். மேசையில் காகித விரிப்பு, மூலையில் ஓயாத தொலைக்காட்சி. 2010-க்குப் பிறகு இப்படிப்பட்ட கடைகள் வரிசையாக மூடின. காரணம் கேட்டால் பலரும் சுற்றுலாவைக் கைகாட்டுவார்கள். சுற்றுலாவுக்குப் பங்கு உண்டு. ஆனால் கடையை நிற்க வைத்தது எது என்று தெரியாமல், அதைச் சாய்த்தது எது என்று சொல்ல முடியாது. எங்கள் கணிப்பில், டாஷ்காவின் பழமை அதன் ஓடுகளிலோ பீப்பாயிலோ இல்லை. குறைந்த வாடகை, குறுகிய உணவுப் பட்டியல், எதையும் வீணாக்காத சமையல், பகலில் வரும் உள்ளூர்க் கூட்டம் ஆகிய நான்கும் சேர்ந்த கணக்கில்தான் இருக்கிறது.

இங்கே எடுத்துக்கொள்வது ஒரு வகைமாதிரிக் கடை: 30 இருக்கை, குடும்ப நிர்வாகம், 1995-க்கு முந்தைய குத்தகை, திங்கள் முதல் சனி வரை மதியச் சாப்பாடு. விலைக் கணக்குகள் இந்த மாதிரிக்குப் போட்டுப் பார்த்தவை.

கரியும் மதுவும் விற்ற இடம்

வடமேற்கு ஸ்பெயினின் கலிசியாவிலிருந்து லிஸ்பனுக்குப் பிழைக்க வந்த கலிசியர்கள் 19-ஆம் நூற்றாண்டில் தண்ணீர் சுமந்தார்கள், மூட்டை தூக்கினார்கள். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் பலர் கடை போட்டார்கள். சாவ் டொமிங்குஷ் சதுக்கத்தில் இன்றும் புளிச் செர்ரி மது ஊற்றித் தரும் ஜிஞ்சிஞ்யா கடை, 1840-இல் ஒரு கலிசியர் தொடங்கியது. நகரத்தில் கரிக்கடைகளும் நிறைய இருந்தன. ஒரு பக்கம் அடுப்புக்கரி, மறுபக்கம் பீப்பாயிலிருந்து மது. மது குடிக்க நின்றவருக்குக் கடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். பொரித்த மீன், கல்லீரல் துண்டு, அவித்த முட்டை வந்தது. சமையல் எரிவாயு வந்தபின் கரி போயிற்று, சாப்பாடு தங்கிவிட்டது. பின்னாளில் போர்ச்சுகலின் வடக்கிலும் நடுவிலும் உள்ள மிஞ்யு, பெய்ரா பகுதிகளிலிருந்து வந்த குடும்பங்கள் இந்தக் கடைகளை வாங்கி நடத்தின. பட்டியலில் வடக்கத்திய உணவு அதிகம் இருப்பது இதனால்தான்.

உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வேலை இருக்கிறது. சுவரின் கீழ்ப்பாதியில் அசுலேஜு என்னும் பளபளப்பான பீங்கான் ஓடு பதித்திருப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கு தெறித்தாலும் ஈரத்துணியில் போய்விடும், நாற்காலி உரசினாலும் சுண்ணாம்பு உதிராது. கல்லா மேடை துருப்பிடிக்காத எஃகு அல்லது பளிங்கு. காலையில் காபி, மதியம் தட்டு அடுக்க, மாலையில் நின்றபடி குடிப்பவருக்கு என ஒரே மேடை மூன்று வேலை பார்க்கும். கண்ணாடிக் குளிர்பெட்டியில் அன்றைய மீனையும் பால்சாதப் பாயசக் கிண்ணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பார்கள். அதுதான் உண்மையான உணவுப் பட்டியல். கையால் எழுதி வாசல் கண்ணாடியில் ஒட்டும் தாள், வெளியே நிற்பவருக்கு. மேசைக் காகிதத்தில்தான் பில்லைக் கூட்டிப் போடுவார்கள். வாடிக்கையாளர் எழுந்ததும் காகிதத்தைச் சுருட்டி எறிந்துவிட்டு அடுத்தவரை உட்கார வைக்க அரை நிமிடம் போதும். துணி விரிப்பு என்றால் சலவைச் செலவு. அதனால்தான் காகிதம்.

பன்னிரண்டரைக்கும் இரண்டுக்கும் நடுவே

கடை பிழைப்பது இந்த ஒன்றரை மணி நேரத்தில். 30 இருக்கை இரண்டு சுற்று நிரம்ப வேண்டும், அறுபது தட்டு. அதற்காகவே பட்டியலில் நான்கைந்து 'அன்றைய சாப்பாடு' மட்டும்: இரண்டு இறைச்சி, இரண்டு மீன், சில நாள் ஒரு முட்டை வகை. பாதி தயாரானது, பாதி அந்த நேரத்தில் முடிப்பது என்று கலந்துதான் தேர்வு செய்வார்கள். ஐந்துமே வாணலியில் முடிக்க வேண்டியதாக இருந்தால் ஒரே சமையல்காரரால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அறுபது தட்டு தள்ள முடியாது. ஐந்துமே குண்டானில் கொதித்ததாக இருந்தால் மிச்சம் விழும். வாரத்தில் ஒரு நாள் கொஸீடு வைப்பார்கள். மாட்டிறைச்சி, பன்றி, தொத்திறைச்சி வகைகள், முட்டைக்கோஸ், கேரட், உருளை எல்லாம் சேர்த்து வேகவைப்பது. எந்த நாள் என்பது கடைக்குக் கடை மாறும். ஆனால் ஒரே கடையில் மாறக் கூடாது. அந்த நாளுக்காகவே வருபவர்கள் இருக்கிறார்கள்.

முழு அளவு, அரை அளவு என்று இரண்டு விலை. முழு அளவு இருவருக்குத் தாராளமாகப் போதும். அரை அளவின் விலை சரிபாதி இருக்காது, பாதிக்கு மேல் இருக்கும். தனியாக வரும் அலுவலக ஊழியர் அரை அளவு கேட்பார். முழு அளவை ஒருவரே வாங்கி மிச்சம் வைப்பதைவிட இது இரு தரப்புக்கும் லாபம். மது கால் லிட்டர், அரை லிட்டர் குடுவையில் வரும். ஒருகாலத்தில் பீப்பாய், பிறகு ஐந்து லிட்டர்ப் பெருங்குப்பி, இப்போது பெரும்பாலும் உள்ளே பை வைத்த அட்டைப்பெட்டி. காற்று புகாததால் திறந்தபின் புளிப்பது குறைவு. அழகு போயிற்று என்று வருந்துபவர்கள் பெருங்குப்பியின் அடிமது எப்படி இருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

விலையை முடிவு செய்வதில் வெளியாருக்குத் தெரியாத ஒரு காரணி உண்டு. போர்ச்சுகலில் முதலாளிகள் ஊழியருக்கு நாள் ஒன்றுக்கு உணவுப்படி தருகிறார்கள். 2023-இல் வரி விலக்கு எல்லை பணமாகத் தந்தால் 6 யூரோ, உணவு அட்டையில் போட்டால் 9.60 யூரோ. அட்டையோடு வருபவரின் மனதில் அந்த எண்தான் கூரை. சூப்பும் காபியும் சேர்த்து அதற்குள் முடிகிற கடைக்குத் தினமும் வருவார். தாண்டினால் வாரத்துக்கு இருமுறையாகக் குறைத்துக்கொள்வார். விலையை ஏற்றும் சுதந்திரம் கடைக்காரருக்கு உண்டு என்பது ஏட்டளவில்தான்.

ஒரு கருவாடு எங்கெல்லாம் போகிறது

டாஷ்காவின் சிக்கனத்தைப் பார்க்க பக்கல்யாவைப் பின்தொடர்ந்தால் போதும். காட் மீனின் உப்புக் கருவாடு இது. பெரும்பகுதி நார்வேயிலிருந்து வருகிறது. எடையை வைத்து வகை பிரிப்பார்கள்: அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை சாதாரணம், ஒன்றிலிருந்து இரண்டு வளர்ந்தது, இரண்டிலிருந்து மூன்று பெரியது, அதற்கும் மேலே சிறப்பு. கிலோ விலை எடையோடு ஏறும். கணக்குத் தெரிந்த கடை இரண்டரைக் கிலோ 'பெரியது' ஒன்றை முழுசாக வாங்கும். வெட்டி உறைய வைத்த, உப்பு நீக்கிய துண்டுகள் வேலை குறைக்கும். ஆனால் வால், வயிற்றுமடல், எலும்பு, தோல் அதோடு வராது; லாபம் அங்கேதான்.

முதலில் வெட்டு. நடு முதுகுத் துண்டுகள் நான்கைந்து வரும். மூன்று நான்கு சென்டிமீட்டர் தடிமன். இவை கரியில் சுடவோ அடுப்பில் எண்ணெயோடு வேகவோ, அதிக விலைத் தட்டுக்கு. வயிற்றுமடலும் கழுத்துப்பக்கமும் கொண்டைக்கடலையோடு அவிக்க. வாலும் உதிரியும் முட்டைக் கிளறலுக்கும் பஜ்ஜிக்கும். எலும்பும் தோலும் சாறு காய்ச்ச.

அடுத்தது ஊறவைப்பு. பெரும்பாலான கடைகள் சறுக்குவது இங்கே. உப்பைக் குழாயடியில் நன்றாகக் கழுவிவிட்டு, தோல் மேலே இருக்கும்படி துண்டுகளை அடுக்க வேண்டும். தோல் கீழே போனால் வெளியேறும் உப்பு தோலுக்கு மேலேயே தேங்கிச் சதைக்குத் திரும்பும். பாத்திரத்தின் அடியில் ஒரு துளைத்தட்டு வைத்தால் இன்னும் நல்லது. உப்புநீர் கனமானது, கீழே இறங்கிவிடும். தண்ணீர் மீனைப் போல நான்கைந்து மடங்கு. ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்று. வால் துண்டுக்கு 24 மணி நேரம், தடித்த நடுத்துண்டுக்கு 48 முதல் 72 மணி நேரம். முழுக்கவும் குளிர்பெட்டிக்குள், 4 முதல் 6 டிகிரியில். அவசரத்துக்கு வெதுவெதுப்பான நீரில் போட்டால் வெளிப்புறம் கொழகொழத்து, உள்ளே உப்பு அப்படியே நிற்கும். கோடையில் மேசைமேல் விட்டால் புளித்த வாடை வந்துவிடும், எந்தப் பூண்டும் மறைக்காது. எல்லாத் துண்டையும் ஒரே பாத்திரத்தில் ஒரே நேரம் ஊறவைப்பதும் தவறு. நடுத்துண்டு சரியாகும்போது வால் சப்பென்று ஆகியிருக்கும். ஊறியபின் எடை சுமார் கால்பங்கு கூடும். இரண்டரைக் கிலோ மூன்று கிலோவைத் தாண்டும்.

வேகவைக்கும்போது கொதிக்க விடக் கூடாது. நீர் நடுங்கும் நிலையில் தீயை அணைத்து மூடி, ஏழெட்டு நிமிடம் விட்டால் சதை இதழிதழாகப் பிரியும். தளதளவென்று கொதித்தால் நாராகும். அந்த நீரைக் கொட்டக் கூடாது.

முட்டைக் கிளறலுக்கு வருவோம். பக்கல்யாவ் ஆ பிராஷ் என்ற இந்தத் தட்டு பாய்ரு அல்ட்டு பகுதிச் சாராயக் கடைக்காரர் ஒருவர் பெயரால் வழங்குகிறது. நால்வருக்கு: ஊறவைத்து உதிர்த்த மீன் 400 கிராம், தீக்குச்சி போலச் சீவிப் பொரித்த உருளை 500 கிராம், மெல்லிதாக வளையம் அரிந்த வெங்காயம் இரண்டு பெரியது, பூண்டு மூன்று பல், ஆலிவ் எண்ணெய் 100 மில்லி, முட்டை ஆறு, பார்ஸ்லி, கறுப்பு ஆலிவ். வெங்காயத்தை நிறம் மாறாமல் இருபது நிமிடம் மெல்லிய தீயில் வதக்கி மீனைப் புரட்டி வைப்பது காலை வேலை. ஆர்டர் வந்ததும் ஒரு தட்டுக்கு ஒரு கரண்டி அடித்தளம், ஒரு கைப்பிடி உருளை, ஒன்றரை முட்டை. முட்டையை ஊற்றி இரண்டு புரட்டு புரட்டி, இன்னும் ஈரம் இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். வாணலியின் சூடு மீதியைப் பார்த்துக்கொள்ளும். அடுப்பிலேயே முடித்தால் உலர்ந்த முட்டைப் பொரியல்தான் கிடைக்கும். மொத்தமாகக் கிளறித் தட்டில் சூடு காத்து வைக்கும் கடையிலும் அதே கதி. பாக்கெட் உருளைச் சீவல் இப்போது எங்கும் பழகிவிட்டது. அதில் ஏற்கனவே உப்பு இருக்கும், எனவே வேறு உப்பே போடக் கூடாது.

மிஞ்சிய உதிரி 250 கிராம், மாவு 150 கிராம், முட்டை இரண்டு, பொடி வெங்காயம், பார்ஸ்லி, முன்பு எடுத்துவைத்த மீன் வெந்த நீர் 150 மில்லி. கலந்து கரண்டியால் எண்ணெயில் விட்டால் பட்டனிஷ்கா என்னும் தட்டைப் பஜ்ஜி. பீன்ஸ் சாதத்தோடு அதுவே மறுநாளின் இன்னொரு அன்றைய சாப்பாடு. எண்ணெய் 180 டிகிரியைத் தாண்டக் கூடாது. திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது எண்ணெய் சிதைந்து உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் எண்ணெயை மாற்றியாக வேண்டும் என்பது சட்டம். மாவில் ஈரம் அதிகமானால் எண்ணெய் குடிக்கும். மீனை நன்றாகப் பிழியாததுதான் பெரும்பாலும் காரணம்.

கொஸீடுவின் சாறும் இதே வழியில் மறுநாள் சூப்பாகும். காய்ந்த ரொட்டி, அசோர்டா என்னும் ரொட்டிக் கூழாகும்.

சாதம், கல்லீரல்

குட்டி நெத்திலிபோலத் தெரியும் பாரைக் குடும்பத்துச் சிறு மீனை மொறுமொறுப்பாகப் பொரித்து, தக்காளிச் சாதத்தோடு கொடுப்பது லிஸ்பனின் எளிய தட்டு. அரிசி கரோலீனு ரகம். தேஜு, சாடு, மொண்டேகு ஆற்றுப் படுகைகளில் விளைவது. ஒரு பங்குக்கு மூன்று பங்கு நீர், பன்னிரண்டு பதினான்கு நிமிடம், இறக்கும்போது கஞ்சிபோல ஓட வேண்டும். நம் ஊர்க் கண்ணுக்கு அது குழைந்த சாதம். அங்கே அதுதான் பதம். கால் மணி நேரம் நின்றால் சாற்றை அரிசியே உறிஞ்சிக் கட்டியாகிவிடும். எனவே பெரிய குண்டானில் ஒரே தடவை வைக்காமல் பன்னிரண்டேகாலுக்கு ஒரு பாத்திரம், ஒன்றேகாலுக்கு இன்னொன்று என்று வைப்பதே சரியான முறை.

கல்லீரல் வறுவலுக்குத் துண்டு மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. வெள்ளை மது, கொஞ்சம் வினிகர், பூண்டு, பிரிஞ்சி இலையில் இரவு முழுக்க ஊற வேண்டும், உப்பில்லாமல். பன்றிக் கொழுப்பில் பக்கத்துக்கு ஒரு நிமிடம். துண்டை எடுத்துவிட்டு ஊறிய சாற்றை அதே வாணலியில் வற்றவைத்து மேலே ஊற்றுவார்கள். பழைய முறையில் மண்ணீரலைச் சுரண்டிச் சேர்ப்பார்கள்; குழம்பு கறுத்துக் கெட்டியாகும். இன்று அதைச் செய்யும் கடை அபூர்வம்.

உட்கார்ந்ததும் வரும் ரொட்டி, ஆலிவ், வெண்ணெய், சின்னப் பாலாடைக்கட்டி பற்றி ஒரு வார்த்தை. இது இலவசம் அல்ல, ஏமாற்றும் அல்ல. 2015-இன் சட்டப்படி, வாடிக்கையாளர் கேட்காததும் தொட்டுப் பயன்படுத்தாததுமான எதற்கும் காசு வாங்க முடியாது. வேண்டாம் என்றால் தள்ளி வைத்துவிடலாம்.

2012: இரண்டு அடி

அந்த ஆண்டு ஜனவரியில் உணவகங்களுக்கான மதிப்புக் கூட்டு வரி 13-இலிருந்து 23 சதவீதமானது. கடன் நெருக்கடிக் காலம். விலையை ஏற்றினால் வருபவர் வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவரத் தொடங்கிவிடுவார். எனவே பல கடைகள் வரியைத் தாங்களே விழுங்கின. நம் மாதிரிக் கடையில் தட்டு 7 யூரோ என்று வைப்போம். 13 சதவீதத்தில் கடைக்கு நிற்பது 6.19, 23 சதவீதத்தில் 5.69. தட்டுக்கு 50 சென்ட் போயிற்று. நாளுக்கு 60 தட்டு, மாதம் 24 நாள்: சுமார் 725 யூரோ. அப்போதைய குறைந்தபட்ச ஊதியம் 485 யூரோ. ஆண்டுக்கு 14 சம்பளம், முதலாளியின் சமூகப் பாதுகாப்புப் பங்கு 23.75 சதவீதம் எல்லாம் சேர்த்து மாதச் சராசரி 700. ஆக, வரி உயர்வு ஒரு பணியாளரின் முழுச் செலவை எடுத்துக்கொண்டது. பரிமாறுபவரை அனுப்பிவிட்டுக் கணவரே ஓடிப் பரிமாறிய கடைகளில் இரண்டாம் சுற்று தாமதமானது. அரை மணி நேர இடைவேளையில் வந்தவர் காத்திருக்கவில்லை. அறுபது தட்டு ஐம்பதானது.

2016 ஜூலையில் சாப்பாட்டுக்கு 13 சதவீதம் திரும்பியது. மதுவும் குளிர்பானமும் 23-இலேயே நின்றன. அதற்குள் பலர் கடையை மூடியிருந்தார்கள்.

இரண்டாவது அடி ஆகஸ்ட் 2012-இன் வாடகைச் சட்டம். லிஸ்பனில் வீட்டு வாடகை 1948-இலேயே உறைந்தது. வணிகக் குத்தகையிலும் 1995-க்கு முந்தைய ஒப்பந்தங்கள் ஏறக்குறைய காலவரையின்றி நீடித்தன. கடையை விற்பவர் குத்தகையையும் சேர்த்தே கைமாற்ற முடியும். கட்டட உரிமையாளர் தடுக்க முடியாது. ஓய்வு பெறும் தம்பதியின் வைப்பு நிதி பெரும்பாலும் அந்தக் கைமாற்றுத் தொகைதான். புதிய சட்டம் பழைய ஒப்பந்தங்களைப் பேச்சுவார்த்தைக்குத் திறந்துவிட்டது. சிறுதொழில் என்றால் ஐந்தாண்டு இடைக்காலத்தில் ஆண்டு வாடகை, சொத்தின் வரி மதிப்பில் பதினைந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு இருந்தது. பெரும் சீரமைப்பு வேலை என்று காட்டினால் ஆறு மாத அறிவிப்போடு, ஓராண்டு வாடகைக்குச் சமமான இழப்பீட்டோடு ஒப்பந்தத்தை முடிக்க வழியும் இருந்தது. பழைய வாடகையே சொற்பம் என்பதால் இழப்பீடும் சொற்பம். கட்டடம் முழுக்க விடுதியாக மாறும்போது தரைத்தளக் கடை இந்த வழியில்தான் போயிற்று.

உரிமையாளர் பக்க நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பல பத்தாண்டு உறைந்த வாடகையில் கூரை ஒழுகினால்கூடச் சரிசெய்யக் கட்டுப்படியாகவில்லை. நகரத்தின் பல கட்டடங்கள் சிதைந்து கிடந்ததற்கும் அதே உறைவு ஒரு காரணம். டாஷ்காவின் மலிவுக்கு ஒரு பகுதி விலையை வீட்டுக்காரர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

2014-இல் குறுகிய காலத் தங்குமிடங்களுக்குத் தனிச் சட்டம் வந்தபின் மேல்மாடிக் குடித்தனங்கள் காலியாயின. பயணி தினமும் கொஸீடு சாப்பிட வரமாட்டார். வியாழன் எது, வெள்ளி எது என்று அவருக்குத் தெரியாது. எனவே பட்டியல் நீண்டது, படம் ஒட்டப்பட்டது, நான்கு தட்டு நாற்பதானது. நாற்பது தட்டு என்றால் உறைபெட்டி. ஊறவைக்கும் தொட்டிக்கு வேலை இல்லாமல் போனது. பயணி டாஷ்காவைக் கெடுத்தது இந்த வழியில்தான்.

பாதுகாப்பும் அதன் எல்லையும்

லிஸ்பன் மாநகராட்சி 2015-இல் 'வரலாறுள்ள கடைகள்' திட்டத்தைத் தொடங்கியது. 2017-இன் 42-ஆம் எண் சட்டம் நாடு முழுக்க இத்தகைய அங்கீகாரம் பெற்ற கடைகளுக்குக் குத்தகையில் குறிப்பிட்ட காலப் பாதுகாப்பு தந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் மதிப்பிடுவோர் கண்ணில் எளிதில் படுவது முகப்பு, மரவேலை, ஓடு, நிறுவிய ஆண்டு. புத்தக அலமாரி உள்ள கடைக்கும் தொப்பிக் கடைக்கும் அது பொருந்துகிறது. எஃகு மேடையும் பிளாஸ்டிக் கொடியும் உள்ள டாஷ்காவுக்கு மனு எழுதவே ஆள் கிடைப்பதில்லை. மேலும் சட்டம் வாடகையைக் காக்கலாம், அடுப்படிக்கு வாரிசு தராது. காலை ஏழு மணிக்கு மீன் அரியப் பிள்ளைகள் வருவதில்லை. 2025-இல் குறைந்தபட்ச ஊதியம் 870 யூரோ; ஊழியருக்கு நியாயம், நான்கு பேர் கடைக்குப் பாரம். கோவிட்டுக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் அலுவலகக் கூட்டமும் வருவதில்லை.

இப்போது இளம் சமையல்காரர்கள் சிலர் பழைய கடைகளை எடுத்து நடத்துகிறார்கள். சாப்பாடு பல இடங்களில் முன்பைவிட மேல். ஆனால் இரவுக் கடை, சிறு சிறு தட்டு, ஆளுக்கு முப்பது யூரோ. ஓடும் பீப்பாயும் அப்படியே இருக்கும்; எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் மட்டும் வரமாட்டார். அதைத் தவறென்று சொல்வதற்கில்லை, இன்றைய வாடகையில் அதுதான் கூட்டிக் கழித்தால் வருகிறது. மதியக் கடையாகவே நடத்துவது என்று முடிவெடுத்தவர், கைமாற்றுப் பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை வேறு. குத்தகை ஒப்பந்தத்தின் தேதி, 2012-க்குப் பின் அதில் கையெழுத்தான திருத்தம், மீதமுள்ள காலம் ஆகியவை முதலில். சுற்றுவட்டத்தில் நடந்து வரக்கூடிய தூரத்தில் பகலில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்பது அடுத்தது. பட்டறை, மருத்துவமனை, அரசு அலுவலகம் இருந்தால் நல்லது, விடுதி கணக்கில் வராது. இரண்டு நாள் மீன் ஊறும் அளவு குளிர்பெட்டி இடம் இருக்கிறதா என்று அளக்க வேண்டும். புகைபோக்கி கூரைக்கு மேலே போகிறதா என்பதைக் கண்ணால் ஏறிப் பார்க்காமல் காசு தரக் கூடாது. பின்முற்றத்தில் பாதியில் நிற்கும் குழாயை நீட்ட கட்டடத்தின் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும். கரி அடுப்பு இல்லையென்றால் ஜூன் மாதத்தில் மத்தி மீன் சுட முடியாது. மத்தி இல்லாத ஜூனில் பக்கத்துக் கடைக்குப் போன வாடிக்கையாளரை ஜூலையில் திரும்பப் பிடிப்பது கடினம்.